குத்திய விரல் என்னுடையது

குளத்தூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ரெஜிலாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய். போனில் சொல்ல இரண்டு தடவை பார்த்தேன், உன் முகத்தைக் கண்டதும் வாய் வரவில்லை, அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஷிஜுவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அம்மைக்குக் காலில் செருப்பு கடித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி பார்க்கும் பரிசோதனையில், ஏழுக்குள் நிற்க வேண்டியது பத்தரைக்கு மேல் வந்தது. டாக்டர் அந்தச் சீட்டையும் என் போனில் இருந்த, உனக்கு அனுப்பிய சர்க்கரை மெஷின் படங்களையும் மாறி மாறிப் பார்த்தார், இரண்டும் ஒரே ஆளுடையதா என்று கேட்டார். இல்லை மக்கா. நீ வாங்கித் தந்த மெஷினில் ஞாயிறுதோறும் வெறும் வயிற்றில் எடுத்து உனக்கு அனுப்பிய எண்கள் அம்மையுடையவை அல்ல, என்னுடையவை. முதல் வாரத்து எண் மட்டும் அவளுடையது, அந்த 246-ஐக் கண்டதும் வேலையை விட்டு வருகிறேன் என்று நீ அழுதாய் அல்லவா, அதை அவளால் தாங்க முடியவில்லை. "பிள்ள அங்க கெடந்து அழண்டாம், இந்த வாரம் ஒங்க வெரலக் குத்துங்க" என்றாள். குத்தினேன், 104. ஒரு வாரம் என்றது எட்டு மாதம் ஆயிற்று. இதில் கூத்து என்னவென்றால், கொஞ்ச நாளில் அந்த எண்ணை நாங்களே நம்பிவிட்டோம். எல்லாம் கட்டுக்குள் இருக்கிறதே என்று காலையில் புட்டும் பழமும், மத்தியானம் தட்டு நிறையச் சோறு, சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், அதற்கு மேல் இரண்டு கரண்டி சீனி போட்ட சாயா. லட்டு, ஜிலேபி தின்றால்தான் சர்க்கரை ஏறும் என்று நான் எல்லாம் தெரிந்தவன் போலப் பேசுவேன். சோறும் கிழங்கும் உள்ளே போனால் சர்க்கரைதான் என்று டாக்டர் சொன்னபோது தலை குனிந்து நின்றேன், கிழங்கு வாங்கி வந்தவன் நான்தானே. அவளுக்கு மாத்திரையைக் கூட்டலாமா என்று டாக்டர் முன்பு கேட்டபோதும் அதே படங்களைத்தான் காட்டினேன். இப்போது இன்சுலின் தொடங்கியாயிற்று, புண் ஓரம் காய்கிறது, கால்விரலை எடுக்க வேண்டி வராது என்கிறார்கள். தப்பினால் அது என் புத்தியால் அல்ல.

இன்னொன்றும் உண்டு, அதுதான் எழுத முடியாமல் கிடந்தது. ஓணத்துக்குப் பிறகு எண் 131, 142, 151 என்று ஏறியது. வாயைக் கட்டத் தெரியாதா, என்னை இங்கே நிம்மதியாக இருக்க விடமாட்டாயா என்று நீ அம்மையைப் போனில் சத்தம் போட்டாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஏறியது என் சர்க்கரை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, இனி தின்னமாட்டேன் மக்கா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள், பிறகு என் முன்னால் இருந்த சாயாவை எடுத்துப்போய் வாழை மூட்டில் கொட்டினாள். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. இப்போது எனக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார்கள்.

நீ வேலையை விட்டு வர வேண்டாம். அம்மை, அப்பா இரண்டு பக்கமும் சர்க்கரை இருப்பதால் நீயும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள், மறக்காதே. தெய்வம் உன் குடும்பத்தைக் காக்கட்டும். இன்றுமுதல் இரண்டு படம் வரும், எண்ணோடு கையும் தெரியும், வளையல் கிடப்பது அம்மையின் கை. அந்தக் கையை இனித் திட்டாதே.

உன் அப்பா,
பொன்னப்பன்