உன் பெயரில் தூக்கிய கை

என் அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நன்றாகவே இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிடுகிறாய், அதற்கு மேல் எனக்குப் பேச்சு ஓடுவதில்லை. காகிதம் குறுக்கே பேசாது. கண்ணாடிக் கடை வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். முதலாளி இன்னும் அப்படியேதான், பிரேம் சரியாக உட்காரவில்லை என்றால் வந்தவர் மூக்கைத்தான் குறை சொல்வார். அப்பா இருந்தவரை சுவருக்கு என்ன கலர் அடிப்பது என்பதற்குக்கூட நாம் மூன்று பேரும் கை தூக்குவோமே, நினைவிருக்கிறதா? நீ வெளிநாடு போவதையும் அப்படித்தான் முடிவு செய்தோம், நீங்கள் இரண்டு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தோற்றேன். இப்போது இந்த வீட்டில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறுகிறது. நேற்று வடித்த சோறே இன்றைக்கும் போதும் என்றால் எதிர்த்துக் கேட்க ஆளில்லை. சிரிப்புக்குச் சொல்லவில்லை, சில நாள் கையில் தட்டோடு நின்றபடி அழுதிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நேர் மேல் வீட்டில் வாடகைக்கு இருந்தாரே ஒரு பெரியவர், கோர்ட்டில் வாசலில் நின்று பெயர் கூப்பிடும் வேலை பார்த்தவர், அவருக்கு இங்கே எல்லாரும் வைத்த பெயர் ரேடியோ. காலையில் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரை ஒரு வரி விடாமல் உரக்கப் படிப்பார், நடுநடுவே மந்திரிகளுக்குத் திட்டும் விழும். அவர் மனைவிக்குக் காது மந்தம், அவருக்காகத் தொடங்கிய வழக்கம் அந்த அம்மா இறந்த பிறகும் நிற்கவில்லை. அவருக்குப் பக்கத்து வீட்டு நர்ஸ் இரவு வேலை முடிந்து வந்து தலை சாய்க்கிற நேரம் அது. பாவம் அந்தப் பெண், கண் கோவைப்பழமாகச் சிவந்து கிடக்கும். போய்ச் சொன்னால் ஓரிரண்டு நாள் அடக்கிப் படிப்பார், பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான், கோர்ட்டு வராந்தாவில் பழகிய தொண்டை அது. எனக்கோ காலையில் காதில் விழும் முதல் மனிதக் குரல் அவருடையது, கடை இல்லாத நாளில் ஒரே குரலும் அதுதான்.

குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்றால் எப்போதும் நானும் பல் டாக்டரும் காலி நாற்காலிகளும்தான். செயலாளராக இருக்க ஒருவரும் முன்வராமல் சீட்டுக் குலுக்கிப் போட்டு, அது பல் டாக்டர் தலையில் விழுந்தது. அன்றைக்கு உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்து நகரங்களில் பதவிக்குச் சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள், அதைத்தான் மக்களாட்சி என்று நினைத்தார்கள் என்று நீ எழுதுகிற புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது சொன்னாயே. அவர்கள் எல்லாருக்கும் முறை வரட்டும் என்று போட்டார்கள், நாங்கள் யாருக்கும் வேண்டாம் என்று போட்டோம். ஆனால் போன மாதக் கூட்டத்துக்கு, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போதாத அளவுக்குக் கூட்டம். யாரோ எனக்கு மின்விசிறிக்குப் பக்கத்தில் இடம் போட்டார்கள், ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார், இதுவரை முகம் பார்த்துப் பேசாதவர்கள்கூட முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பா போன பிறகு எனக்கு அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் வாய்த்ததில்லை. பிறகுதான் தெரிந்தது, ரேடியோவைக் காலி செய்ய வைக்கும்படி அவர் வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத வேண்டும், அதற்குத்தான் அத்தனை பேரும் கூடியிருக்கிறார்கள் என்று.

முன்காலத்தில் சுதந்திரம் என்றால் எல்லாரும் கூடி உட்கார்ந்து முடிவெடுப்பது, ஆனால் அந்தச் சபை நினைத்தால் ஒருவனை ஊரைவிட்டே துரத்திவிடும், இந்தக் காலத்தில் சுதந்திரம் என்றால் என் வீட்டுக்குள் என்னை விட்டுவிடு என்பது என்றாய். உன் புத்தகத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் நடக்கிற கதை எங்கள் மாடிக்குக் கீழே ஒரு மணி நேரத்தில் நடந்துவிட்டது. அவர் தன் வீட்டில் படிக்க வேண்டும் என்கிறார், அந்தப் பெண் தன் வீட்டில் தூங்க வேண்டும் என்கிறாள், இரண்டு பேரும் கேட்பது ஒன்றுதான், நடுவில் ஒரு சுவர். வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை என்பதால் அவர் மேலே உட்கார்ந்திருந்தார். அந்தப் பழைய சபையிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைக் கீழே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்போம், அந்தப் பெண் எழுந்த பிறகு படிக்கச் சொல்லுவோம் என்றேன். எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று என்றார்கள், அதுவும் பொய்யில்லை. பின்வரிசையில் யாரோ, ரேடியோ நின்னா ஆன்ட்டிக்குத்தான் போர் அடிக்கும் என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆதரிப்பவர்கள் என்றதும் எல்லாக் கையும் எழுந்தது, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர்களோடு சேர்ந்து என் கையும் பாதி எழுந்துவிட்டது கண்ணு. எழுந்ததை இறக்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. இறக்கினேன். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது தூக்கினேன், நான் ஒருத்திதான். பல் டாக்டர் மரியாதையாகத்தான் கேட்டார், "அம்மா, வீடு உங்க பொண்ணு பேர்ல இருக்கு, அவங்களைக் கேட்டீங்களா?" என்று. "இது அவ கைதான், எழுதிக்கோங்க" என்றேன். எதிர்த்த ஒரே ஆளாக உன் பெயரை எழுதிக்கொண்டார்கள். நாற்காலிகளை மடித்தபோது முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, இப்போது லிப்டில் என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் செல்போனில் அவசர வேலை வந்துவிடுகிறது.

சாமான் ஏற்றிய அன்று ரேடியோ என் வாசலுக்கு வந்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டது நீங்கள்தானா என்றார். என் மகள் ஓட்டு அது, அவள் ஊரில் இல்லை என்றேன். உன் முழுப் பெயரைக் கேட்டார். சொன்னதும் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்று, கோர்ட்டில் கூப்பிடுவது போலவே நீட்டி முழக்கி உன் பெயரைக் கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிடுவது அவர்கள் முறையாம், அதற்கும் ஆள் வராவிட்டால் அவர் இல்லாமலே வழக்கை முடித்துவிடுவார்களாம். முதல் தடவை கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை மாடி முழுக்க உன் பெயர் எதிரொலித்தது, இந்தக் கட்டடத்தில் உன் பெயரை யாராவது உரக்கச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று. மூன்றாவது தடவைக்கு நான் "ஆஜர்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இப்போது காலை நேரம் அமைதியாக இருக்கிறது. அந்த நர்ஸ் பெண் நன்றாகத் தூங்குகிறாள், முகம் தெளிந்துவிட்டது, அதைப் பார்த்தால் நான் செய்தது தப்போ என்று தோன்றுகிறது. அவர் நாற்காலி இருந்த பால்கனியைப் பார்த்தால் சரி என்று தோன்றுகிறது. உன்னைக் கேட்காமல் உன் ஓட்டைப் போட்டேன், கேட்டிருந்தால் உன் இஷ்டம் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. முழங்கால் ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டதற்கும், உன் உடம்பு உன் முடிவு என்றாய். நீ எனக்குக் கொடுப்பது பெரிய சுதந்திரம் என்று நினைத்துத்தான் சொல்கிறாய், தெரியும். அதை வைத்துக்கொண்டு நான் தனியாக என்ன செய்ய?

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், மனம் ஒத்து, நீண்ட நாள் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. மறக்காமல் பதில் எழுது, நான் செய்தது தப்பென்றால் தப்பென்று திட்டி எழுது, முழங்காலை அறுக்கக் கொடுக்கலாமா வேண்டாமா என்பதற்கும் சேர்த்துக் கை தூக்கு, எனக்கு எதிராகத் தூக்கினாலும் பரவாயில்லை, நான் முன்பே உன்னிடமும் அப்பாவிடமும் தோற்றுப் பழகியவள்தான். உன் இஷ்டம் என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டால் முதல் தடவையிலேயே ஆஜராகும்
அம்மா