மூணாவது ஆணியில என் போன்

டின்டு, எய்யா,

அம்மாதான் எழுதுறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, மழைக்கு முட்டி மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அது எப்பவும் உள்ளதுதான். நீ இருக்கிற எடத்துல உனக்கு வேளைக்குச் சோறும் காலை நீட்டிப் படுக்க ஒரு எடமும் கிடைக்கணும்னு நம்ம கோயில் மாடசாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் பேனாவ எடுத்தேன். நாலாங்கிளாஸ் எழுத்து, கோணல்மாணலா இருக்கும், நீ சிரிச்சுக்கிட்டே படிச்சுருவ. எந்த விலாசம் போடன்னுதான் தெரியல. தாய்லாந்துன்னு சொல்லிட்டுப் போன, இப்ப அங்க இல்ல, ஒரு ஆத்தைத் தாண்டி வேற தேசத்துல கொண்டுபோயி வச்சிருக்கலாம்னு சொல்றாங்க, அது யாரு சொன்னாங்கன்னு கீழ எழுதுறேன். விலாசம் கிடைச்சா அனுப்புவேன், இல்லன்னா நீ வந்து படி, உன் நீலச் சட்டைப் பையில மடிச்சு வைக்கேன்.

இந்த வருசம் ஆனி மழை விடவே இல்ல. தேயிலைக் கொழுந்து நல்லா வருது, அட்டையும் நல்லா வருது. கடைசி வீட்டுத் தகரம் காத்துல பிச்சுக்கிட்டுப் போயி, எழுதிக் குடுத்தும் ஆபீசுல ஆள் அனுப்பல. நீ சோறு வச்சு வளத்த செவலை நாய் நம்ம விறகு அடுக்குல குட்டி போட்டிருக்கு, என்னைத் தவிர யாரையும் கிட்ட விடல. இப்படியே எழுதிக்கிட்டுப் போகலாம், ஆனா எழுத உக்காந்தது இதுக்கு இல்ல. அப்பா போயிட்டாரு எய்யா. மாசி மாசம், காலையில பேரு குடுக்க மஸ்டருக்குப் போகச் செருப்பை மாட்டுனவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படியிலயே உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போன ஜீப்பு தேவிகுளம் தாண்டுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. உன் நம்பருக்கு அடிச்சா அப்படி ஒரு நம்பரே இல்லன்னு இங்கிலீசுல சொல்லுது. சுடலைமணி பெரியப்பாதான் கொள்ளி வச்சாரு. மூத்தவன் வைக்கிறதில்லன்னு நாலு பேரு சொன்னாங்க, புள்ள ஊருல இல்லாத வீட்டுல மூத்தவன் என்ன எளையவன் என்னன்னு அவரே மொட்டை போட்டுக்கிட்டாரு. இந்தச் சேதிய என் வாயால உன்கிட்டச் சொல்லணும்னுதான் ஒவ்வொரு நாளும் மரத்தடியில போயி உக்காந்தேன். அதுக்குள்ள வேற ஒண்ணு நடந்துபோச்சு.

மரத்துல நீ ஆணி அடிச்சது ஞாபகம் இருக்கும். லயத்து வீட்டு வரிசைக்குள்ள ரேஞ்ச் கிடையாது, மேட்டுச் சவுக்கு மரத்தடியிலதான் கிடைக்கும்னு கண்டுபிடிச்சவனே நீதான். வீட்டுக்கு ஒரு ஆணி அடிச்சு, மழை படாம பிளாஸ்டிக் பை மாட்டி, பை மேல பேரும் எழுதுன. நீ போனதுக்கு அப்புறமும் அதுதான் வழக்கம். காலையில வேலைக்கு ஏறும்போது போனை மாட்டிட்டுப் போறது, எது அடிச்சாலும் பக்கத்துல கொழுந்து எடுக்கிறவங்க எடுத்துப் பேசிட்டு, இன்னாரு வீட்டுக்கு இன்ன சேதின்னு காட்டைப் பாத்துக் கூவிச் சொல்றது. அடுத்த வீட்டுப் போன் அடிக்கும்போது எடுக்காம நிக்கிறவளுக்கு இங்க என்ன பேருன்னு உனக்குத் தெரியும். அப்பாவுக்குக்கூட அது ரேடியோ மாதிரி, எல்லா வீட்டுச் சேதியும் அவரு காதுக்கு வந்துரும்.

வைகாசியில ஒரு நாள், மரத்துல தொங்குன சுடலைமணி பெரியப்பா போன் அடிச்சிருக்கு. கங்காணி சின்னையன் வீட்டுக்கு நீ போனதுக்கு அப்புறம் வந்த மருமக ஆனந்தி, போடிக்காரப் பொண்ணு, அவதான் பக்கத்துல நின்னிருக்கா, எடுத்துட்டா. பேங்குல இருந்து பேசுறோம், அண்ணனோட அக்கவுண்டு இன்னைக்கு நின்னுபோகும், ஒரு நம்பர் மெசேஜ்ல வரும் அதைச் சொன்னா சரி பண்ணிரலாம்னு ஒரு ஆம்பளை பேசியிருக்கான். பெரியப்பா ஓடைக்கு அந்தப் பக்கம் மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தாரு. இவ கூவப் போனவளை, வேண்டாம் அக்கா, மரத்தடியிலதான நிக்கீங்க, அவரை எதுக்கு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அலைய விடணும், நீங்களே படிச்சிருங்கன்னு சொல்லியிருக்கான். நம்ம பேச்சு பேசுறானே, நம்ம மரம் வரைக்கும் தெரியுதேன்னு இவளும் நம்பிட்டா. மத்த விவரமெல்லாம் அவங்க கையில எப்படியோ முன்னாலயே இருந்திருக்கு. வந்த நம்பரைப் படிச்சிருக்கா, இன்னொண்ணு வந்துது, அதையும் படிச்சிருக்கா. பெரியப்பா ரிட்டையர் ஆகி வந்த கிராஜுவிட்டி பணம் அத்தனையும் போயிட்டு. அந்தப் பணத்தை நம்பித்தான் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் பேசி வச்சிருந்தாங்க. லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆபீசுல ஆள் வந்துட்டுப் போறாங்க, அவரும் கூலிக்கு மருந்து அடிக்கப் போயிக்கிட்டே நாளைத் தள்ளுறாரு.

அன்னையில இருந்து ஆனந்தி படுற பாடு பாக்கச் சகிக்கல. கொழுந்து நிறுக்கிற தராசுகிட்ட வரிசையில நிக்கும்போது, நாக்கை வச்சே வீட்டை வித்தவ வாறா, வழி விடுங்கடின்னு ராமலட்சுமி பெரியம்மா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்றா. பெரியம்மா மேலயும் தப்பில்ல, அந்த வீட்டுக்கு எந்த மூலையில அடுப்புன்னு வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தவ. ஆனந்தி குனிஞ்ச தலையோட கூடையை நிறுத்துட்டுப் போயிருவா. சின்னையன் வீட்டுலயும் அவ தட்டுல சோத்தை வச்சுட்டு யாரும் பக்கத்துல உக்காரலன்னு கேள்வி.

போன மாசம் ஆர்த்தின்னு ஒரு பொண்ணு வந்துது. கொச்சியில ஒரு காலேஜுல இந்தப் போன் மோசடியப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதாம், எந்த எந்த மேட்டுல ரேஞ்ச் இருக்கு, யாரு யாரு ஏமாந்தாங்க, ஏன் ஏமாந்தாங்கன்னு எஸ்டேட் எஸ்டேட்டா கேட்டு எழுதுது. சொந்த ஊரு வேலந்தாவளமாம், ஏனுங்கம்மா, சொல்லுங்கம்மான்னு அது கேக்கிறதைப் பாத்துட்டு, மாட்டுச் சந்தையில மாதிரி எங்க பல்லைப் பிடிச்சுப் பாக்காம இவ்வளவு மரியாதையா வெலை கேக்கிறது நீ ஒருத்திதான்னு பெரியம்மா சொல்ல, ரொம்ப நாளைக்கு அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணும் சிரிச்சுது. அதுதான் சொல்லுச்சு, உள்ளூர் நம்பர் மாதிரி தெரிஞ்சாலும் கூப்பிடுறது கடல் தாண்டியாம். கம்ப்யூட்டர் வேலைன்னு ஏஜெண்டுங்க கூட்டிட்டுப் போற பையன்களைப் பெரிய பெரிய கட்டடத்துல அடைச்சு, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அவனவன் பாஷையில அவனவன் ஊருக்கே போன் போட வைக்கிறாங்களாம். பேசலன்னா அடியாம். எந்த ஏஜெண்டு, எந்தத் தேசம்னு அது என்னையும் கேட்டுது. கட்டப்பனையில இருந்து வந்த சிஜு பேரைச் சொன்னேன், தாய்லாந்துன்னு சொன்னேன். அது எழுதிக்கிட்டு இருந்த கையை நிப்பாட்டிட்டு என் முகத்தைப் பாத்துது. அப்புறந்தான் அந்த ஆத்தைப் பத்திச் சொல்லுச்சு.

இனி யாரும் அடுத்தவங்க போனைத் தொடாதீங்க, அவங்கவங்க போன் அவங்கவங்க மடியில இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போச்சு. நல்லதுக்குத்தான் சொன்னது. அன்னைக்கே எல்லாப் பையும் மரத்தை விட்டு இறங்கிட்டு. இப்ப காட்டுல யாரும் யாரையும் கூவிக் கூப்பிடுறது இல்ல. என் போன் மட்டும் அங்கயே தொங்குது, நான் எடுத்துட்டு வந்தா நீ கூப்பிடும்போது ரேஞ்ச் இருக்காதே. வேலை முடிஞ்சு எல்லாரும் இறங்குனதுக்கு அப்புறம் மழைக்குக் கட்டுற படங்கைப் போத்திக்கிட்டு மரத்தடியில உக்காந்திருப்பேன். முன்னால அப்பா துணைக்கு இருப்பாரு, வெத்தலை மடிச்சுக் குடுப்பாரு. இப்ப பையில மழை விழுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு, அது அடிக்குதோன்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கேன்.

போன வாரம் ஆனந்தி எனக்குப் பக்கத்து வரிசையில கொழுந்து எடுத்தா. யாரும் சேத்துக்காத பிள்ளைன்னு நான் ஒரு வாய் டீ குடுத்தேன். குடிச்சுட்டு அவளாச் சொன்னா. ஆர்த்திகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், ஒண்ணு மட்டும் சொல்லல, அது அவங்க ஆராய்ச்சிக்கு எதுக்குன்னு விட்டுட்டேன் அத்தே, அந்த ஆளு போனை வைக்கிறதுக்கு முன்னால உங்க வீட்டு மாமாவைக் கேட்டான்னு சொன்னா. அங்க பெரியமுத்துன்னு ஒருத்தர் இருப்பாரே, எப்படி இருக்காருன்னு கேட்டானாம். இவ, அவரு மாசியிலயே தவறிட்டாருல்லான்னு சொல்லியிருக்கா. போன் கட்டாகல, மூச்சு மட்டும் கேட்டுதாம். பின்னால யாரோ ஒருத்தன் புரியாத பாஷையில அதட்டுனானாம், அப்புறம் கட்டாயிட்டாம்.

கூடை என் முதுகுல இருந்து வழுக்கிட்டு. மரத்தைப் பத்தி எஸ்டேட்டுல எல்லாருக்கும் தெரியும். சுடலைமணி பெரியப்பா நம்பரும் நெறையப் பேருகிட்ட இருக்கும். ஆனா அப்பா செத்தது தெரியாத ஆளு இந்த எஸ்டேட்டுக்கு ஒரே ஆளுதான் எய்யா.

அன்னையில இருந்து பெரியம்மா மொகத்தை நிமிந்து பாக்க முடியல. அவ குடுத்த ஊறுகா தொடாம அப்படியே இருக்கு. நான் வாயைத் தொறந்தா, கொள்ளி வச்ச மனுசன் வீட்டையே சுரண்டிட்டான் பெரியமுத்து மகன்னு இந்த லயம் பேசும். தொறக்கலன்னா ஆனந்தி தலையில அந்தப் பழி உக்காந்துக்கும், அவ இந்த ஊருக்கு வந்தே ஒரு வருசம் ஆகல. ஆர்த்தி என்ன சொல்லிட்டுப் போச்சுன்னா, பேசுனது எங்க பையன்தான்னு ஒரு வீட்டு ஆளு அடையாளம் சொன்னா, அந்த நாளையும் நேரத்தையும் வச்சுத் தேடுறவங்ககிட்டக் குடுக்கலாம், அப்படிச் சில பையன்கள் வந்திருக்காங்கன்னு சொல்லுச்சு. கட்டாயம் வருவான்னு அது சொல்லல, நானும் கேக்கல. பயமாத்தான் இருக்கு. உன் பேரை எழுதுற தாளுல திருடன்னு எழுதுவாங்களோன்னு. எழுதட்டும். திருடன்னு எழுதுனாலும் உசுரோட இருக்கான்னு சேத்துத்தான எழுதணும். வர்ற ஞாயித்துக்கிழமை ஆர்த்தி திரும்ப வருது. அதுக்கு முன்னால சனிக்கிழமை சாயங்காலம் நானே பெரியப்பா வீட்டுக்குப் போயி, ஆனந்தியையும் கூட்டிட்டுப் போயி, பெரியம்மா முன்னால சொல்லிருவேன். அவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன், அடிச்சாலும் வாங்கிக்கிறேன். இனி அவங்க வீட்டு ஊறுகா எனக்குக் கிடையாது, அவ்வளவுதான்.

நீ நல்லா இருக்கணும் எய்யா, மாடசாமி உன்னைக் கை விட மாட்டாரு, அப்பாவும் அங்க உன் தலைமாட்டுலதான் நிப்பாரு. சாப்பாட்டு மேல கோவப்படாத, என்ன குடுத்தாலும் தின்னுட்டு உடம்பை வச்சுக்கோ. அடிக்கிறவன்கிட்ட எதுத்து நிக்காத. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, நம்ம போன் நீ அடிச்ச மூணாவது ஆணியிலயே தொங்குது, நம்பரும் மாத்தல. வேற எந்த வீட்டுக்கும் போடாத, நம்ம வீட்டுக்குப் போடு. போட்டுட்டு எந்த நம்பரும் கேக்க வேண்டாம், அம்மான்னு கூப்பிடு போதும்.

இப்படிக்கு, மரத்தடியில காத்திருக்கிற உன் அம்மா

ராமுத்தாய்

முடிச்சுட்டேன்னு பாத்தேன், கேக்க நினைச்சது உள்ளயே நிக்குது. அன்னைக்கு அப்பா போன சேதியக் கேட்டயே, உன்னைக் கொஞ்ச நேரமாவது அழ விட்டாங்களா?