அம்மாவைக் கூட்டிட்டு வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்பாவைப் பற்றி மட்டும்தான் அதைத் தைரியமாக எழுத முடியும் போலிருக்கிறது. அவருக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, காலையில் இரண்டு தெரு சுற்றிவிட்டு வருகிறார், போன வாரம் துணி துவைக்கும் மெஷினைத் தானே பிரித்துப் பழுது பார்த்தார், எல்லாம் மாட்டி முடித்த பிறகு மூன்று திருகாணி மிச்சம், மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, அந்த மூன்றும் எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை எனக்கும் தெரியவில்லை. என் சங்கதி வேறு. இரண்டு மாதமாக நீயும் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை, அப்பாவிடம் மட்டும் நீ செய்தி அனுப்புகிறாய், அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை பாப்பா. ஒன்றரை வருடமாக இல்லை. உன்னிடம் மறைத்தேன், காலேஜில் எல்லோரிடமும் மறைத்தேன், அப்பாவிடமும் மறைக்கப் பார்த்தேன், அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொல்றது உனக்குக் கேட்டதில்லையே, இப்ப என்ன புதுசா கவலைப்படறே என்று கேலி செய்தார். அந்தக் கேலியைப் பிடித்துக்கொண்டு நானும் டாக்டரிடம் போகாமல் தட்டிக்கழித்தேன்.

மறைப்பது அவ்வளவு கஷ்டமில்லை என்பதுதான் இதில் பயங்கரம். காலேஜ் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது. என் மேஜையை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டேன், எதிரில் நிற்பவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தால் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்ளலாம். யார் எதைச் சொன்னாலும் எழுத்துல குடுங்க என்றேன், மேடம் ரொம்ப கறார், வாய்ப்பேச்செல்லாம் அவங்ககிட்ட நடக்காது என்று பெயர் வந்தது. கூட்டங்களில் நானே பேசிக்கொண்டிருந்தேன், நான் பேசும்வரை மற்றவர்கள் பேசமாட்டார்கள், மற்றவர்கள் பேசாவிட்டால் எனக்குக் கேட்கவில்லை என்பது வெளியே வராது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான், எனக்கு முன்னால் இருந்தவர் கடைசி வருடத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் தூங்கிவிழுந்து சிரிப்புக்கு இடமாகிப் போனதை நானே பார்த்தவள், இன்னும் இரண்டு வருடம் பதவி நீட்டிப்பு தருவதாக நிர்வாகக் குழுத் தலைவர் வேறு சொல்லியிருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை, காதில் ஒரு மெஷினை மாட்டிக்கொண்டு போனால் மட்டும் ஆள் முடிந்துவிட்டாள் என்பார்களே என்று பயந்தேன்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு வியாழக்கிழமை, வருகை குறைந்த பிள்ளைகளின் விசாரணை. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வந்திருந்தால்தான் தேர்வு எழுதலாம், குறைந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து காரணம் சொல்ல வேண்டும், விடலாமா கூடாதா என்று நான் சொல்ல வேண்டும், அன்றைக்கு நாற்பத்து மூன்று பேர். பக்கத்தில் துணை முதல்வர், அந்தந்தத் துறைத் தலைவர்கள், தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, அது வேறு கடகடவென்று. உச்சிவேளைக்குள் எனக்கு மூளை களைத்துவிட்டது, கேட்காததை ஊகித்துக்கொண்டே இருப்பது எவ்வளவு களைப்பு என்று அனுபவித்தால்தான் தெரியும். முன்னால் வந்த இரண்டு பையன்கள் அப்பாவைக் கூட்டிட்டு வரேன் மேடம் என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்து இயற்பியல் இரண்டாம் வருடத்துப் பெண் ஒருத்தி, தலையைக் குனிந்துகொண்டு தரையிடம் பேசினாள். எனக்குக் காதில் விழுந்தது மூன்றே சொல்தான், அம்மா, கூட்டிட்டு, மேடம். இவளும் அதையேதான் கேட்கிறாள் என்று முடிவு செய்துகொண்டு, சரி, அம்மாவைக் கூட்டிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிடச் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அறையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது என்று வை.

திங்கட்கிழமை பகல் என் உதவியாளர், நாங்கள் கடிகாரம் என்று கூப்பிடுவோமே, அந்த அம்மாள், கதவைத் தட்டாமல் உள்ளே வந்து ஒரு துண்டுத்தாளை நீட்டினாள். ஒரு மாணவியோட அம்மா கீழே படியில உக்காந்திருக்காங்க, மேலே ஏற முடியலை என்று எழுதியிருந்தது. அவளுக்கு என் காது விஷயம் எப்போதோ தெரிந்திருக்கிறது பார், அதனால்தான் எல்லாவற்றையும் எனக்கு எழுதியே கொடுத்திருக்கிறாள், நான்தான் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அறை இரண்டாவது மாடி, லிஃப்ட் ஆறு மாதமாக ஓடவில்லை, அந்தப் புகார்க் கடிதங்களும் என் மேஜையில்தான் இருந்தன. இறங்கிப் போனேன். மூன்றாவது படியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருக்கும், பார்த்தால் அப்படித் தெரியாது, கால் இரண்டும் வீங்கி, ஆம்பளைச் செருப்பு போட்டிருந்தார், இடது கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. அந்த இயற்பியல் பெண் பக்கத்தில் நின்றுகொண்டு, நீங்க சொன்னீங்கல்ல மேடம், கூட்டிட்டு வந்துட்டேன் என்றாள். எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. நான் அந்த அம்மாவுக்கு எதிரே கீழ்ப்படியில் உட்கார்ந்தேன், முகத்துக்கு நேராக உட்கார்ந்ததால் அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் கேட்டது. வாரத்துக்கு ரெண்டு நாள் எனக்கு டயாலிசிஸ், பொண்ணுதான் கூட்டிட்டுப் போகணும், வீட்ல வேற ஆள் கிடையாது. அதத்தான் உங்ககிட்ட சொன்னாளாம். பொய் சொல்றாளோன்னு உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும், தப்பில்லீங்க, எத்தனை பிள்ளைங்களப் பாக்கறீங்க. பாத்துக்குங்க என்று பஞ்சைப் பிரித்துக் கையைக் காட்டினார். முழங்கைக்குக் கீழே ஊசி ஏறி ஏறிக் கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. சாட்சிக்குக் காட்டுவது போலக் காட்டினார் பாப்பா, நான் பார்த்து முடிக்கும்வரை கையை மடக்கவில்லை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னைக்கே ஹால் டிக்கெட் வந்துடும்மா என்று மட்டும் சொல்லி, காலேஜ் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினேன். நான் படியில் உட்கார்ந்திருந்ததை யாரோ ஒரு பிள்ளை படம் எடுத்துப் போட்டுவிட்டது, சாயங்காலத்துக்குள் காலேஜ் முழுக்க அதே பேச்சு, எங்க மேடம் மாதிரி உண்டா என்று. இரண்டு நாள் அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் ஆயுசிலேயே வெட்கப்பட வேண்டிய இரண்டு நாள் அவைதான். மூன்றாம் நாள் துணை முதல்வர் வந்து, எனக்கு நேரே உட்கார்ந்து, அன்னைக்கு நீங்க அந்தப் பொண்ணுகிட்ட அப்படிச் சொன்னப்ப எங்களுக்கெல்லாம் பகீர்னு ஆச்சு மேடம், நல்ல வேளை நீங்களே சரி பண்ணிட்டீங்க என்றார். பகீர்னு ஆச்சுன்னா ஏன் யாரும் வாய் திறக்கலை என்று கேட்டேன். உங்ககிட்ட யார் மேடம் சொல்றது என்றார். குத்திக்காட்டவில்லை, மெய்யாகவே அவருக்குப் பதில் தெரியாமல்தான் கேட்டார். நான் கேட்காமல் சொன்னது அவர்களுக்கு நான் கேட்டுவிட்டுச் சொன்னதாகப் பட்டிருக்கிறது, மேடம் இப்படியும் பேசக்கூடியவர்தான் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டும் இருக்கிறார்கள்.

அன்றைக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்துவிட்டு அந்த டாக்டர், சின்னப் பெண்தான், ஒரு தாளில் எழுதிக் காட்டினாள், உங்களுக்குச் சத்தம் கேக்குது, சொல்லுதான் பிரியலை. அதைப் படித்ததும் எனக்கு முதலில் அந்த நாற்பத்து மூன்று பேர்தான் நினைவுக்கு வந்தார்கள். அன்று பதினோரு பேரைத் தேர்வு எழுதக் கூடாது என்று அனுப்பியிருந்தேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். நிர்வாகக் குழுத் தலைவரிடம் போய், காது விஷயத்தைச் சொல்லி, விசாரணையைத் திரும்ப நடத்த வேண்டும் என்றேன். நடத்துங்க, நிர்வாகக் காரணம்னு ஒரு வரி போட்டுடுங்க, காதைப் பத்தியெல்லாம் பேச்சு எடுக்காதீங்க, அடுத்த மாசம் ஆய்வுக் குழு வேற வருது, உங்க நீட்டிப்பும் இருக்கு என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெளியே வந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன், நிஜமாகவே அந்த ஒரு வரியை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் எனக்குக் காது கேட்கவில்லை, அதனால் நான் கொடுத்த முடிவுகள் செல்லாது என்று சொல்லி, அதை அப்படியே குறிப்பேட்டில் எழுத வைத்தேன். பதினோரு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள், துணை முதல்வர் ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதி எழுதி என் முன்னால் வைத்தார், நான்கு பேருக்குத் தேர்வு எழுத நியாயமான காரணம் இருந்தது. வராத இரண்டு பேரில் ஒருவன் போனே எடுக்கவில்லை, இன்னொருத்தி ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம், பரவாயில்லை, விட்டுடுங்க மேடம் என்று சொல்லச் சொன்னாளாம். அந்தப் பரவாயில்லையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு முந்திய வருடத்துப் பிள்ளைகளை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அந்த இயற்பியல் பெண்ணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்ப நீங்க நம்பாம அம்மாவ வரச் சொல்லலையா மேடம் என்று கேட்டாள். இல்லை என்றேன். அம்மாகிட்ட சொல்லணும், அவங்க அதையேதான் நினைச்சுட்டு இருக்காங்க என்றாள். போகும்போது வாசலில் திரும்பி, நானும் இன்னும் கொஞ்சம் சத்தமா பேசியிருக்கணும் என்றாள், அதற்கு மட்டும் நான் கோபப்பட்டேன், அது உன் வேலை இல்லைம்மா என்றேன். நீட்டிப்பு கிடைக்கவில்லை, உங்க நல்லதுக்குத்தான் என்று தலைவர் மரியாதையாகவே சொன்னார். அடுத்த பருவத்திலிருந்து துணை முதல்வர் அந்த நாற்காலிக்கு வருகிறார், நான் பழையபடி கணிதத் துறைக்குப் போகிறேன், இரண்டு இளம் ஆசிரியர்களோடு ஒரே அறை, சுவரோரம் எனக்கு ஒரு மேஜை. வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய், அறையைக் காலி செய்யும்போது அழுதேன். காதுக்கு மெஷின் வாங்கியாயிற்று, தாளைக் கசக்கினால் இடி இடிக்கிறது, உன் அப்பா டீயை இவ்வளவு சத்தமாக உறிஞ்சுவார் என்று முப்பத்து நான்கு வருடம் தெரியாமலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

இப்போது நம் விஷயம். டாக்டர் எழுதிக் காட்டிய அன்றைக்கு, திரும்பி வருகிற வழியில், உன் புது விலாசத்தைத் திரும்பக் காட்டுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். நீ அவருக்கு அனுப்பியிருந்ததில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது, மாப்பிள்ளை பெயர் இல்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மெதுவாகப் பேசினாய், எனக்குக் கேட்டது வேற வீட்டுக்குப் போறோம் என்பது. நல்லதுதான், எப்பவோ பண்ணியிருக்க வேண்டியது என்று சொல்லிச் சிரித்தேன், அந்த வீட்டில் வெளிச்சமே இல்லையே என்றுதான் பாப்பா, நீங்கள் இரண்டு பேரும் பெரிய வீடாகப் பார்த்துப் போகிறீர்கள் என்று. நீ போறோம் என்று சொல்லவில்லை. போறேன் என்று சொல்லியிருக்கிறாய். தனியா என்ற சொல் எனக்கு வந்து சேரவே இல்லை. அதற்கப்புறம் நீ இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தாய், நான் லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டேன். பெற்றவள் சிரித்தாள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் எப்படி இருந்தாயோ. சரியாகக் கேட்டிருந்தால் நல்லபடியாக ஏதாவது சொல்லியிருப்பேனா என்றும் யோசித்துப் பார்த்தேன், சத்தியமாகத் தெரியவில்லை, ஒருவேளை பதறிப்போய் அவசரப்படாதே, பொறுத்துப் போ என்று ஏதாவது உளறியிருப்பேன், முதல்வர் குரலில் நான்கு யோசனை சொல்லியிருப்பேன். இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் எழுதமாட்டேன், நடந்தது எனக்குத் தெரியாது. நீ செய்தது சரியா தப்பா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. மன்னித்துவிடு என்று மட்டும் கேட்கிறேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. யார் அவசரப்படுத்தினாலும் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. புது வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் நாளைக்கே போட்டுவிடு, அப்பா மூன்று தடவை எழுதச் சொன்னார். பருவ விடுமுறைக்கு நாங்கள் இருவரும் அங்கே வரலாமா என்றும் கேட்கச் சொன்னார், வேண்டாம் என்றாலும் வருத்தப்படமாட்டோம், அப்பா மட்டும் கொஞ்சம் வருத்தப்படுவார். நீ நோய் நொடி இல்லாமல், மனசு தெளிந்து, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒரு வேண்டுதலும் இல்லை. மெஷின் வந்துவிட்டாலும் போனில் பேச்சு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, பழக மூன்று மாதமாகும் என்கிறார்கள், ஆகையால் மறக்காமல் எழுது. அம்மா வருத்தப்படுவாள் என்று எதையும் சுருக்காதே, விடாதே, எத்தனை பக்கமானாலும் எழுது. கண் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா