மாந்துளிர் நிறக் கை

அண்ணிக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. உங்களுக்கு அதுதானே முதலில் வேண்டும். நம் பெண்ணின் மூத்த மகன் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே அவன்தான் முதல். பட்டணத்தில் மேலே படிக்கிறான். அவன் தம்பி ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துப் பித்தளைச் செம்பு வாங்கி வந்தான். அதில்தான் இப்போது என் வீட்டுக்காரருக்கு, உங்கள் தம்பிக்கு, மோர் கொடுக்கிறேன். என் மகனின் பெண்ணுக்கு ஏழு வயது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; அவள் இரண்டாம் வகுப்பிலேயே என் கடுதாசியில் பிழை பார்க்கிறாள்.

பட்டணத்துப் பேரன் போட்டோ பிடித்து நேற்றுத் தபாலில் அனுப்பியிருந்தான். மூக்கு யாருடையது என்று ஒத்துப் பார்க்க, அவன் அம்மாவின் கல்யாணப் போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பேத்தி அதில் உங்கள் மேல் விரலை வைத்தாள்.

"ஆயா, இவங்க கை மட்டும் ஏன் கரியா இருக்குது? அடுப்பு ஊதிக்கினு இருந்தாங்களா?"

சிரித்துவிட்டேன், அண்ணி. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. படத்தில் எல்லாரும் சாம்பலும் மையுமாக நிற்கிறோம். அன்றைக்கு யார் என்ன நிறத்தில் இருந்தோம் என்பது என்னையும் உங்கள் தம்பியையும் விட்டால் யாருக்கும் தெரியாது. அவருக்கோ இப்போது நூலே தெரிவதில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்; நானும் போய்விட்டால், உங்கள் கை கரி படிந்த கையாகவே நின்றுவிடும்.

அதனால் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முகூர்த்தப் புடவை மாந்துளிர் நிறத்தில் வேண்டுமென்று சம்பந்தியம்மாள் சொல்லி அனுப்பினார்கள். மாதிரிக்கு ஒரு கொத்துத் துளிரை ஈரத்துணியில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். உங்கள் தம்பி அதை ஆணியில் செருகிவைத்து, மறுநாள் தாழியில் சாயம் கலக்கினார். எதிரில் எது இருந்ததோ அதே நிறம், அணு பிசகவில்லை. நூல் காய்ந்தபோது ஊரில் வேறு சாயக்காரனால் முடியுமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்கள்தான் வந்து பார்த்து மெதுவாகச் சொன்னீர்கள்.

"இது துளிர் இல்லடா தம்பி. சருகு."

துளிர் ராத்திரியே வாடியிருந்தது. வாடியதைப் பார்த்து நூலை முக்கியிருந்தார். கல்யாணப் பெண்ணுக்குச் சருகு நிறத்தையா உடுத்துவது? தறியில் பாவு போட இன்னும் மூன்றே நாள். அவர் தாழி ஓரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதுவரைக்கும் உங்கள் வேலை சொல்வது மட்டும்தான். புருஷன் போன இருபது வயசிலிருந்து வெள்ளைப் புடவை. நிறம் கூடியதா குறைந்ததா என்று எட்ட நின்று சொல்வீர்கள். தம்பிதான் கையை விடுவார். கல்யாண நூல் என்றால் இன்னும் ஓர் அடி தள்ளி நிற்பீர்கள். ஆனாலும் உங்களைப்போல் நிறம் பார்த்தவர்களை நான் கண்டதில்லை. மழைக்குப் பின் கோபுரத்தில் ஏறும் தேன் நிறத்துக்கும், அரிசி களைந்த தண்ணீருக்கும் ஒரு கும்பிடு போடுவீர்கள். காய்க்காரியின் கூடையைப் பார்த்துக் கும்பிட்டபோது அவள், "என் கத்திரிக்காயில எந்த சாமிம்மா இருக்குது?" என்று கேலி செய்தாள். "பெருமாள் நெறத்தத் தலைமேல வெச்சுக்கினு என்னைக் கேக்குறியே" என்றீர்கள். அன்றைக்கு அவள் ஒரு காய் கூடப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிகாலையில் வேகவதி ஆற்றங்கரை மாந்தோப்புக்கு எங்கள் இருவரையும் அழைத்துப் போனீர்கள். துளிரைப் பறிக்க விடவில்லை. பறித்தால் அது வேறு நிறம் என்றீர்கள். பொழுது கிளம்பி இலைகளுக்குப் பின்னால் வந்தது. அண்ணி, அந்த நிமிஷத்தை இன்றைக்கும் எனக்கு எழுத வரவில்லை. மரம் முழுக்க விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. செம்பு நிறம், கொஞ்சம் தலையைச் சாய்த்தால் அதற்குள்ளிருந்து பச்சை. எத்தனையோ வருஷம் அந்த மரத்தடியில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

"ஒரு நெறம் இல்லடா தம்பி. நெடுக்கப் பாவு செவப்பு, குறுக்க ஊடை பச்சை. சாமி நெய்து வெச்சிருக்குது."

அவர் வெகுநேரம் மரத்தையே பார்த்தார். பிறகு, "என் கண்ணுக்கு இது பிடிபடலக்கா. நீயே முக்கு" என்றார். நீங்கள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டீர்கள்.

"தாலி அறுத்தவ கை கல்யாண நூல்ல படலாமா? நாளைக்கு ஒண்ணுன்னா என் பேர்தானே வரும்."

எனக்கும் பயமில்லாமல் இல்லை, பெற்றவள் அல்லவா. ஆனால் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சு வரவில்லை. "அவளைத் தூக்கி வளத்த கைதானே அண்ணி, அப்ப பட்டப்ப ஒண்ணும் ஆவலியே" என்றேன். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் வளையல் இல்லாத கைகளை முழங்கைவரை சிவப்புத் தாழிக்குள் விட்டீர்கள். வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, உங்கள் கைக்கே ஒரு கும்பிடு போட்டீர்கள்.

அதற்குப் பிறகு யார் வந்து அழைத்தாலும் முக்கினீர்கள். ஒரு மாசத்தில் சிவப்பு நகக்கண்வரை ஏறிவிட்டது. எந்தப் புளியாலும் போகவில்லை. கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமல் சமையற்கட்டிலேயே இருந்தீர்கள். போட்டோக்காரர் எல்லாரையும் உட்கார வைத்தபோது, "அத்தை வந்தாத்தான் நான் உக்காருவேன்" என்று பெண் மணையில் நின்றுகொண்டே இருந்தாள். சம்பந்தியம்மாள் உங்கள் கையைப் பார்த்தார்கள், பெண்ணின் புடவையைப் பார்த்தார்கள். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். கையை முழங்காலில் வைத்து ஆடாமல் இருக்கச் சொன்னார் போட்டோக்காரர். வைத்தீர்கள், ஒளிக்காமல். சிவப்பெல்லாம் படத்தில் கறுப்பாய் விழும் என்று அவர் பிறகுதான் சொன்னார்.

கதை கேட்டுவிட்டுப் பேத்தி இன்று காலை கொல்லைக்கு ஓடினாள். கத்திரிப்பூவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு என்னையும் போடச் சொன்னாள். என் கண்ணிலும் புரை விழுகிறது. ஆனாலும் அந்த ஊதா தெரிந்தது, அண்ணி. போட்டேன்.

போட்டோவின் பின்புறம் அவளையே எழுத வைத்தேன். பெண்ணின் அம்மா, அரக்கு. மாப்பிள்ளை, மயில்கழுத்துக் கரை. பெண், மாந்துளிர். அத்தை புடவை, வெள்ளை. அத்தை கை, மாந்துளிர்.

பட்டணத்துப் பேரனுக்கும் ஒரு கார்டு போட்டிருக்கிறேன். அதில் எழுதியது இது: தீபாவளிக்குத் துணி எடுத்ததும் உன் தம்பியோடு நின்று புதுப் போட்டோ ஒன்று பிடித்துத் தபாலில் அனுப்பு. பின்னால் நிறத்தை எழுதாமல் அனுப்பாதே.