மாத்திரை முடிஞ்சுதா?

மார்ச் 3, திங்கள்

காலையில் பேஸ்ட் மூடியைத் திருக வரவில்லை. இவரைக் கூப்பிட்டேன். "விரலெல்லாம் இன்னும் எந்திரிக்கலையா?" என்றார். கிண்டல்தான். சிரிக்கத் தெம்பில்லை. மார்பில் ஆபரேஷன் ஆகி மூன்று வருஷம். கட்டி திரும்பி வராமலிருக்க தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, இன்னும் இரண்டு வருஷத்துக்கு. அது கட்டியை என்ன செய்கிறதோ, என் மூட்டுகளையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது.

லேப்பில் முதல் ஆள் ஒரு கர்ப்பிணி. ரத்தம் எடுக்க நரம்பைத் தடவினால் விரல் நுனிக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தடவை குத்தினேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன்னு மார்தட்டினவ நான்.

மார்ச் 6

நேற்றும் தூக்கமில்லை. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் நெருப்பு, பிறகு வேர்வை. நான் ஃபேனுக்கு அடியில், இவர் இரண்டு போர்வைக்குள். ஒரே கட்டில், இரண்டு பருவம்.

மார்ச் 11

லேப் பொறுப்பாளர் கூப்பிட்டார். "கொஞ்ச நாள் பில் கவுண்டர்ல உட்காருங்களேன் அக்கா." மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது. ஊசியை எங்கிட்டேருந்து வாங்கிட்டா நான் யாரு?

மார்ச் 14

எனக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஃபோன் செய்தாள். "மாத்திரை முடிஞ்சுதாக்கா?"

"முடியலம்மா. சுத்தமா முடியல."

"சரிக்கா, குறிச்சுக்கறேன்." வைத்துவிட்டாள். இனி டாக்டர் கூப்பிடுவார்.

மார்ச் 24

கூப்பிடவில்லை. முடியலன்னு ஒருத்தி ஃபோன்லயே சொல்றா, என்ன ஏதுன்னு கேட்க நாதியில்ல. போங்க, நீங்களும் உங்க மாத்திரையும்.

இன்று போடவில்லை. இவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

விரல் மடங்குகிறது. ஊசிப் பக்கம் ஆள் குறைவென்று இன்று என்னைக் கூப்பிட்டார்கள். முதல் குத்திலேயே ரத்தம். உள்ளுக்குள் துள்ளினேன், பொய் எதற்கு.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் குளிக்கும்வரைதான். கை தானாகத் தழும்புக்கு மேலே போகிறது, அக்குளில் அழுத்திப் பார்க்கிறது. நரம்பு தேடின விரல் கட்டி தேடுது. இதுக்குத்தானா இது சரியாச்சு? பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

ஏப்ரல் 10

இவரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். இரண்டு தட்டுக்கு அவ்வளவு நேரம் குழாய் ஓடியது. வந்து, "நாளன்னைக்கு லீவு போடறேன், டாக்டர்கிட்ட போலாம்" என்றார்.

ஏப்ரல் 12

டாக்டரிடம் சண்டைக்கே தயாராகப் போனேன். "முடியலன்னு ஃபோன்ல சொன்னேன். யாரும் திருப்பிக் கூப்பிடல."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். அவள் முகம் சுருங்கிவிட்டது. "மாத்திரை இன்னும் முடியல, கையில இருக்குன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்க்கா."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்கப் பார்த்தேன், அழுகையாக வெளியே வந்தது. இவர் கைக்குட்டையைத் தேடுகிறேன் என்று சட்டைப்பையெல்லாம் துழாவினார்.

"நீங்களா நிறுத்தினது தப்பு. நேர்ல வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். "வலியைப் பொறுத்துக்கிட்டாதான் மருந்து கேட்கும்னு உங்களுக்கு யார் சொன்னா?" யாரும் சொல்லவில்லைதான். வேறு மாத்திரை எழுதினார். தினம் நடக்கச் சொன்னார்.

மே 20

வலி பழையதில் பாதி. காலையில் விரல் இன்னும் மரக்கட்டைதான், பதினொரு மணிக்கு மேல் இளகுகிறது. பொறுப்பாளரிடம் நானே போய்ச் சொன்னேன். காலையில் கவுண்டர், மத்தியானம் ஊசி. வெறும் வயிற்றோடு வரும் கூட்டத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சாப்பிட்ட பிறகு சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் எனக்கு. சரி என்றார். அரை ஆளாகிவிட்டது போலிருந்தது. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

ஜூன் 4

மத்தியானம் ஒரு பெரியவர். காலையில் மூன்று இடத்தில் குத்தியிருக்கிறார்கள், கையை நீட்டமாட்டேன் என்று அடம். "எனக்கு நரம்பே இல்லம்மா." தடவிப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே, ஓரமாக ஒதுங்கியிருந்தது. ஒரே குத்து.

"காலையில எங்கம்மா போயிருந்தீங்க?" என்று என்னிடமே பாய்ந்தார்.

"கவுண்டர்ல உங்களுக்கு பில் போட்டதே நான்தான் ஐயா. பதினோரு மணி வரைக்கும் என் விரல் வேலை செய்யாது."

ஏன் என்றார். லேப்பில் யாரிடமும் நோயின் பெயரை நானாக வாய்விட்டுச் சொன்னதில்லை. "மார்புல புற்றுநோய் வந்துச்சு. திரும்ப வராம இருக்க மாத்திரை போடறேன். அதோட வேலை."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அப்ப அடுத்த மாசம் வெறும் வயித்துல எடுக்கிறதையும் நீங்களே எடுங்க. பதினோரு மணி வரைக்கும் பட்டினி கிடக்கிறேன்."