தலைகீழாகக் கட்டிய குச்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா? நான் நலம். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். கட்டைவிரலில் போட்ட இரண்டு தையலையும் பிரித்தாயிற்று.

ஜன்னலோரத்து எலுமிச்சைச் செடியில் சாத்துக்குடிக் குச்சியை ஒட்டுக்கட்டும்போது கத்தி வழுக்கிவிட்டது. அத்தனை பாடுபட்டுக் கட்டியதைப் பார்த்து அறைத்தோழி சிரித்தாள்: "அடிப்பாவி, குச்சியத் தலைகீழா கட்டிட்டு தினமும் தண்ணி வேற ஊத்துறியா?"

வேறொரு குச்சியை நேராகக் கட்டினேன். இன்று காலை இரண்டு துளிர்! நான் தொட்டால் பிளாஸ்டிக் செடியும் வாடும் என்பீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

அடுத்த ஒட்டுக்கு உங்கள் பழைய பனியன் ஒன்று வேண்டும். அந்தத் துணி இழுத்தால் நீளும், தண்டை இறுக்காது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். பனியனைத் துவைக்க வேண்டாம் அப்பா, அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் மகள்