ஆவணிக்கு எழுதாத அழைப்பிதழ்

டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
ஆடி 9

மருதாயி அத்தைக்கு, சங்கவி வணங்கி எழுதுவது.

இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். அங்கே நலமா என்று உங்களைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இதை ஜெயமணி அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ஹட் பே ஆஸ்பத்திரியில் அவருக்குப் பத்து நாள் நர்ஸ் டியூட்டி போட்டிருக்கிறார்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் பக்கத்து வீட்டு சுகுணா அக்காவைக் கூட வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் கூப்பிட்டபோது, "ஆடி கழியட்டும் ஆத்தா. ஆவணியில ஒரு முகூர்த்தம் பாத்து வச்சிருக்கேன். அவன் வந்துருவான். நீ கார்டை எழுத ஆரம்பி" என்றீர்கள். சரி என்றேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது பாதி எழுதியாகிவிட்டது என்றேன். அத்தை, அது பொய். ஒன்றைக்கூட நான் எழுதி முடிக்கவில்லை.

வைகாசி முகூர்த்தத்துக்கு நூற்றெண்பது அழைப்பிதழையும் கையால்தான் எழுதினேன். ஊரில் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிற உனக்கு, நம் கல்யாணத்துக்கு மட்டும் பிரஸ் எதற்கு என்று கேட்டதே உங்கள் மகன்தான். தன் டிங்கிப் படகின் எஞ்சினுக்குச் சாமான் வாங்க இங்கே வரும்போதெல்லாம் எங்கள் ஹாலில் உட்கார்ந்து தாள்களுக்கு இஸ்திரி போட்டுத் தருவார். கடல் காற்றில் தாள் நமுத்திருந்தால் மை பரவும். சூடு காட்டினால்தான் பட்டை நிப்பு சுத்தமாக இழுக்கும். தன் பெயரில் வரும் 'கௌ'வைப் பலரும் 'கெ' தனி, 'ள' தனி என்று பிரித்து வாசிக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு குறை. அதற்காகவே அந்தக் கடைசிப் பகுதியைச் சின்னதாக, கொஞ்சம் மேலே தூக்கி எழுதப் பழகினேன். நூற்றெண்பதிலும் அப்படித்தான் எழுதினேன்.

சித்திரைக் கடைசியில் காற்று மாறிய அன்று அவரும் ஸ்ரீதர் அண்ணனும் மீனுக்குப் போன டிங்கி திரும்பவில்லை. ஒன்பது நாள் தேடினார்கள். ஐஸ் பெட்டியின் மூடி மட்டும் கிடைத்தது. அது நம்முடையதுதான் என்று நீங்களே அடையாளம் சொன்னீர்கள். மறுநாள் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அப்போது நானும் உங்களோடு சேர்ந்து இல்லை என்றுதான் சொன்னேன்.

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். இங்கே லம்பா லைனில் ப்ரியங்கா என்ற பெண்ணின் கல்யாணத்துக்கு எழுத முன்பே ஒத்துக்கொண்டிருந்தேன். கை வேலையில் இருந்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்று அம்மா சொன்னதால் எழுதினேன். மாப்பிள்ளை பெயர் பாலசுப்பிரமணியம். வாங்கிப் போக வந்த பெண்ணின் அம்மா கட்டைப் பிரித்தார். முதல் ஏழெட்டு சரியாக இருந்தன. அதற்குக் கீழே எல்லாவற்றிலும் மாப்பிள்ளை இடத்தில் கௌதம் என்று இருந்தது. எழுதும்போது எனக்குத் தெரியவே இல்லை அத்தை. அவர் திட்டவில்லை. கார்டுகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "கோயி பாத் நஹி, பேட்டி. பரவாயில்லம்மா, நாங்க பிரஸ்ல பாத்துக்கறோம்" என்றார். என் தலையைத் தடவ வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

அதன் பிறகு யாரும் எழுதக் கேட்டு வரவில்லை. என் கை பட்ட தாள் கல்யாண வீட்டுக்குள் வர வேண்டாம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

உங்களுக்காகவும் உட்கார்ந்து பார்த்தேன். அவர் பெயர் தடங்கலில்லாமல் வந்தது. தேதி எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. நிப்பை எடுக்கவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மை ஊறி மறுபக்கம் வந்துவிட்டது. அடுத்தடுத்து ஐந்து தாளிலும் அப்படியே ஆயிற்று.

அப்பா நேற்று முன்தினம் வேறு ஒரு இடம் பற்றிப் பேச்செடுத்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் அழுததாக அம்மா சொன்னார்.

நேற்று சுகுணா அக்கா பேசினார். நீங்கள் வீடு வீடாகப் போய் ஆவணிக்கு வாயால் அழைத்துவிட்டு வருகிறீர்களாம். அழைப்பிதழ் பின்னால் வரும், என் மருமகள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்கிறீர்களாம். எதிரே தலையாட்டுகிறவர்கள் நீங்கள் தெரு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம். ஸ்ரீதர் அண்ணன் வீட்டுக்கும் போனீர்களாம். அங்கே காரியம் முடித்து ஒரு மாதம் ஆகிறது. அலமு அக்கா பொட்டில்லாத நெற்றியோடு வந்து உங்கள் கையால் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பேச்சை நம்பித்தான் நீங்கள் அந்த வாசல்வரை போனீர்கள்.

அத்தை, ஆவணிக்கு நான் எழுத மாட்டேன். நீங்கள் ஐப்பசிக்குத் தள்ளி வைத்தாலும் எழுத மாட்டேன். இந்த இரண்டு வரியை எழுதத் துணிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. படித்துவிட்டு என்னைச் சபித்தால் சபியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எனக்கு அதைவிடப் பெரிதாக இனி ஒன்றும் வரப் போவதில்லை.

உங்களை அங்கே தனியாக விட்டுவைக்க மட்டும் என்னால் முடியாது. என் அறையில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஜெயமணி அக்கா திரும்பும் கப்பலில் உங்களுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவரோடு ஏறி வந்துவிடுங்கள். இரண்டு சேலை எடுத்துக்கொண்டால் போதும். முகூர்த்தத்துக்கு வாங்கிய பட்டு வேட்டியை அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மாட்டேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். கப்பல் வரும் அன்று பீனிக்ஸ் பே ஜெட்டியில் நிற்பேன். இறங்கி வருகிற கூட்டத்தில் உங்களை மட்டும்தான் தேடுவேன்.

உங்கள் பிள்ளை,
சங்கவி